துவர்த்துக்கு அடியில்

மனுஷ மூளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வர நாகர்கோவிலில் ஏழாயிரம் ரூபாய். பார்க்க மட்டும்தான், தொட முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மாட்டு மூளை என்றால் கறிக்கடைக்காரன் இருநூறு ரூபாய்க்கு முழுசாகவே வாழையிலையில் பொதிந்து கையில் தந்துவிடுவான், மிளகு தட்டிப் போட்டு வறட்டித் தின்னலாம். ஸ்கேன் எடுக்கிற இடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்வதாஸ் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். பயம் வந்தால் அவருக்கு விலை பேசத்தான் தோன்றும்.

"கொறச்சுக் கேட்டுப் பாப்பமா நேசம்? ஆறுன்னா முடிச்சிரலாம்."

"மிண்டாம இருங்க. இது ஒங்க மாட்டுச் சந்தையில்ல," என்றாள் பெண்சாதி நேசபாய். பக்கத்திலிருந்த பெமிலா சிரிக்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள். லீவில் வந்து வீட்டு நடையில் இறங்கியபோது அப்பா கேட்டிலிருந்து வாசல்வரை நடந்து வந்த நடையைப் பார்த்தாள். இடது கால் பின்னால் இழுபட்டது. சட்டைப் பித்தானோடு அவர் மல்லுக்கட்டுவதையும் பார்த்தாள். மறுநாளே ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டாள்.

செல்வதாஸ் மாட்டுத் தரகர். கிழக்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையாளத்துக்குப் போகிற மாடுகளில் பாதியாவது அவர் கைபட்டுப் போனவையாக இருக்கும். கைபட்டு என்பது சும்மா சொல்வதல்ல. விலையை வாயால் சொல்வது சந்தையில் மரியாதைக் குறைவு. இரண்டு பேர் கையை நீட்டுவார்கள். தோளில் கிடக்கிற துண்டை, அந்தப் பக்கத்தில் துவர்த்து என்பார்கள், கைகளின்மேல் விரித்துப் போட்டால் உள்ளே நடப்பது உள்ளேயே இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. கட்டாது என்றால் எதிராளியின் உள்ளங்கையை நகத்தால் சுரண்ட வேண்டும். ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினால் முடிந்தது. அப்புறம் கர்த்தரே இறங்கி வந்தாலும் பேச்சு மாறாது. துவர்த்தைத் தூக்கிப் பார்ப்பது மட்டும் எந்தக் காலத்திலும் இல்லை. செல்வதாஸ் விற்கிறவனிடமும் தரகு வாங்குவார், வாங்குகிறவனிடமும் வாங்குவார். மாட்டிடம் வாங்கியதில்லை, அதற்குச் சட்டைப்பை கிடையாது.

அவரை ஒரு பலகையில் படுக்க வைத்து, பச்சைப் போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, வலது கையில் ஒரு ரப்பர் உருண்டையைத் திணித்தாள் அங்கே வேலை பார்க்கிற பெண். "பயம் தோணிச்சுன்னா இத அமுக்குங்க அங்கிள்." பலகை குழாய்க்குள் நகர்ந்தது. பிறகு சத்தம். மயிலாடிக் கல்தச்சர்கள் மொத்தப் பேரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து உளியடிப்பதுபோன்ற சத்தம், அது நின்றால் ஒரு முனகல், முனகல் நின்றால் மறுபடியும் உளி; மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை, எச்சில் விழுங்கினால்கூட அசைந்துவிடுமோ என்கிற தவிப்பு, முதுகுக்கடியில் குளிர். அந்தக் குளிருக்குள், போர்வைக்கு அடியில், யாரோ அவருடைய இடது கையைப் பிடித்தார்கள்.

எலும்பில்லாத பிடி. ஈன்ற பசுவுக்கு இளங்கொடி விழாமல் தொங்கும்போது செல்வதாஸ் அதைக் கையால் பற்றி இழுத்திருக்கிறார். அதே இளஞ்சூடு. அதே வழவழப்பு. சவ்வுக்குள் நரம்பு நரம்பாக ஓடி, தொட்ட இடத்தில் நழுவி, மறுபடி வந்து உரசுகிற அதே நெளிவு. அந்தப் பெண்தான் தைரியம் சொல்லப் பிடிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் தைரியம் சொல்கிறவர்கள் இரண்டு விரலை மட்டும் தனியாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு. விலை சொல்லுகிறது.

நாற்பது வருஷப் பழக்கம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவர் நகம் தானாக நீண்டு எதிர்க் கையின் உள்ளங்கையைச் சுரண்டியது. நகம் உள்ளே இறங்கியது. அழுகிய சக்கைப்பழத்தில் இறங்குவதுபோல, தடுப்பே இல்லாமல். எதிர்க் கை அதைக் கண்டுகொள்ளாமல் மூன்று விரலைப் பிடித்தது. செல்வதாஸ் ஐந்தையும் சேர்த்து இறுக்கினார். என்ன சரக்கு என்று கேட்காமல் அவர் முடித்த முதல் வியாபாரம் அதுதான்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டார். "எனக்க கையப் பிடிச்சது நீதானா மக்கா?"

"மிஷின் ஓடும்போ ஆரும் உள்ள வரமாட்டாங்க அங்கிள்."

இடது உள்ளங்கை ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து மிஞ்சுகிற ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி மழையில் போட்டுவைத்தால் வருமே, பிணத்துக்கும் பாலுக்கும் நடுவில் ஒரு நாற்றம், அது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "சின்னச் சின்ன ரத்தக்குழாய் நெறைய அடைபட்டிருக்கு. இந்த வெள்ளத் திட்டெல்லாம் ரத்தம் சரியாப் போகாம கெட்டுப்போன இடம். உள்ள இருக்கிற சிரைகளும் தடிச்சு முறுக்கியிருக்கு. பிரஷரக் கட்டுப்பாட்டுல வெச்சா இதுக்குமேல போகாமப் பாத்துக்கலாம்."

"போனது?"

"போனது போனதுதான்."

செல்வதாஸ் படத்தைப் பார்த்தார். பிளந்து வைத்த அக்ரூட்போல ஒரு வடிவம். நடுவில் கறுத்த இரண்டு பள்ளம். ஒரு பள்ளத்தின் கரையிலிருந்து சிரைகள் கோடுகோடாகக் கிளம்பி வெள்ளைத் திட்டுகளுக்குள் போயின. ஐந்து கோடு. இரண்டு மடங்கியிருந்தன. மூன்று நீண்டிருந்தன. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. காரிலிருந்து இறங்கி நடந்தபோது முதலில் கண்டுபிடித்தவள் பெமிலா. "அப்பா, கால் இழுக்கல்லியே. நேரா நடக்கிய." நேசபாய் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். செல்வதாஸ் ஒரு கம்பீரத்தோடு முன்னறைக்குள் போனார். சுவரில் சட்டம் போட்ட ஒரு கிழவரின் படம் தொங்கியது. பெரிய காது, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. இதுவரை பார்த்தேயிராத ஆள்.

"நேசம், இது ஆரு? எதுக்கு இங்க மாட்டியிருக்கு?"

"நல்லா இருக்கு வெளையாட்டு. பெத்த அப்பன ஆருன்னா கேக்கிய?"

அவர் சிரித்து மழுப்பினார். உட்கார்ந்து யோசித்தபோது, பயத்துக்கு அடியில், கூச்சமாக ஒரு திருப்தியும் இருந்தது. சரக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. அப்பாவின் முகத்தைக் கொடுத்து ஒரு காலை வாங்கியிருக்கிறார். மோசமான வியாபாரம் என்று சொல்லிவிட முடியாது. அப்பா போய் எவ்வளவோ காலமாகிறது. கால் தினமும் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கவாட்டு அறையில் சாய்வுநாற்காலியில் சாய்வது அவர் வழக்கம். வீடு அடங்கிக் கிடக்கும். மடியில் துவர்த்து கிடக்கும், அதனடியில் இடது கை. முதலில் நாற்றம் வரும். பிறகு துவர்த்தின் நடுவில் ஒரு புடைப்பு எழும்பும், நனைந்த எலி துணிக்குள் நகர்வதுபோல. பிறகு அந்தப் பிடி. எதைக் கேட்கிறதோ அது, கயிற்றில் இழுத்து வரப்பட்ட மாடுபோல, அவர் மனசுக்குள் வந்து நிற்கும். அவர் அதைச் சுற்றிவந்து பார்ப்பார், மதிப்புப் போடுவார், சுரண்டுவார், இறுக்குவார். நேசபாயின் அண்ணன் பேரைக் கொடுத்து இராத்தூக்கம் வாங்கினார்; அந்தப் பேரைக் கொண்டுபோகச் சொந்தக் கையிலிருந்தே காசு கொடுத்திருப்பார், அவ்வளவு வேண்டாத பேர். ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகளின் ராகத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டு விரல்களின் பலத்தை வாங்கினார், பித்தான்கள் பணிந்தன. மீன்குழம்பின் ருசியைக் கொடுத்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். பதிலுக்கு மூத்திரம் அடங்கியது.

மறக்கிறதெல்லாம் சேதம் என்று டாக்டர் சொன்னார். அவரவர் தொழிலில் அவரவருக்கு ஒரு பாஷை.

ஒருநாள் அது நேசபாயைக் கேட்டது.

அவள் கலியாணமான புதிதில் குளத்திலிருந்து ஈரத் தலையோடு ஏறி வந்து நின்ற கோலத்தில், கயிற்றின் மறுமுனையில் வந்து நின்றாள். செல்வதாஸ் சுரண்டினார். விலை ஏறியது. சுரண்டினார். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் விரல்கள் கூடின. பிடி இன்னும் இளகி, இன்னும் ஈரமாகி, நகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வாய்போல எதுவோ சப்பியது. அவர் சுரண்டிக்கொண்டேயிருந்தார். எதை வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும். அவளை விற்பதில்லை. அந்த ஒரு சரக்கு மட்டும் சந்தைக்கு வராது.

"இதென்ன சவம்?" துவைக்கிற கல்லருகே நேசபாய் துவர்த்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். "மூக்கு சிந்தினியளா? கோழையா சீழா? நாறுகு." வெண்மையாக, தயிர் திரிந்ததுபோல, துணியின் நெசவுக்குள் இறங்கி உறைந்திருந்தது. அதற்குள் மெல்லிய சிவப்பு நூல்கள் கிளை பிரிந்து ஓடின. பெமிலா கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை. மஸ்கட்டில் எத்தனையோ புண்ணுக்குக் கட்டுப் போட்டவள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடை ஓரம் போய்க் குனிந்தாள்.

மறுபடியும் ஸ்கேன் எடுக்க வைத்தாள். இந்தத் தடவை போர்வைக்கு அடியில் ஒன்றும் வரவில்லை. செல்வதாஸ் குழாய்க்குள் கிடந்து காத்திருந்தார். வராதது நிம்மதியாக இல்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார், பேரைச் சரிபார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இந்தப் படத்துக்குரிய ஆளு எழும்பி உக்காரவே முடியாது," என்றார். "நீங்க எப்படி நடந்து வந்திய?"

வெள்ளை எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது, ஈரச் சுவரில் பூசணம் பிடித்ததுபோல. இடது பள்ளத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. வலது பள்ளத்திலிருந்தும் ஒரு கை. நடுவில் ஒன்றின் விரல்களை ஒன்று பற்றியிருந்தது. செல்வதாஸ் மூன்றாவது கையைத் தேடினார், தன்னுடையதை. அது படத்தில் இல்லை. வெளியிலிருந்து யாரும் வரவேயில்லை. வியாபாரம் பூராவும் உள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மழை. வடக்கே பேச்சிப்பாறை மலையிலிருந்து கறுத்து இறங்கி ஓட்டின்மேல் கொட்டியது. கரண்ட் போய்விட்டது, ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் கஞ்சித்தண்ணி நிறத்தில் தரையில் கிடந்தது, ரப்பர்த் தோட்டத்திலிருந்து நனைந்த இலையின் மணமும் அதன் பின்னாலேயே ஒட்டுப்பாலின் முடைநாற்றமும் வந்து அறையின் மூலைகளில் தங்கின, அடுக்களையில் பெமிலா தேங்காய் துருவுகிற ஓசை கேட்டது, கர், கர், கர் என்று, ஓய்வில்லாமல். துவர்த்து மடியில் கிடந்தது. நடுவில் புடைத்தது. அசைந்தது.

செல்வதாஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. துவர்த்தைத் தூக்கக் கூடாது, சரி. ஆனால் இன்னொரு கையை உள்ளே விடக் கூடாது என்று எந்தச் சந்தையிலும் சொன்னதில்லை. வலது கையை மெதுவாக ஓரத்தின் வழியே நுழைத்தார்.

ஈரம். சூடு. உள்ளே இரண்டு கை இருந்தன.

ஒன்று அது. மற்றதைத் தடவினார். கட்டைவிரலின் அடியில், காளை கொம்பால் கிழித்த பழைய தழும்பு. அவருடைய இடது கைதான். அவர் அதை அசைக்கவில்லை. அது அசைந்துகொண்டிருந்தது. விரல் மாற்றி விரல், மடக்கி, நீட்டி, பிடித்து, விட்டு, வேகவேகமாக, நாற்பது வருஷ லாகவத்தோடு, அவரைக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கையிலிருந்து அவருக்கு ஓர் உணர்ச்சியும் வரவில்லை. வந்து எத்தனை நாளாகிறது என்றும் தெரியவில்லை.

அப்படியானால் நேசபாயை மறுத்துச் சுரண்டியது யார்? அவரா? தரகன் சுரண்டுவது மாடு வேண்டாம் என்றா? விலை ஏறத்தானே.

அடுக்களையில் துருவுகிற ஓசை நின்றது.

துவர்த்துக்குள் இரண்டு கைகளும் நின்றன. அவருடைய வலது கை நடுவில் நுழைந்ததை அப்போதுதான் கவனித்ததுபோல. வலது கையை வெளியே இழுக்கப் பார்த்தார். இழுபடவில்லை. துவர்த்தின் விளிம்பு உயர்ந்தது. ஈரமான கை வெளியே வந்தது. பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் ஏறியது. சட்டைமேல் வழுக்கி ஏறியது. தாடையில் நின்றது.

கீழுதட்டை இழுத்து இறக்கியது.

பல் பார்த்தது. ஒவ்வொன்றாக. வைத்த கையை எடுக்காமல். பின்பற்கள்வரை போனது. நாக்கைப் பிடித்து ஓரமாக ஒதுக்கியது. புளித்த பால். சீழ். உப்பு. தொண்டைக் குழியில் சொட்டியது. குமட்டியது, குமட்டல் வெளியே வர வழியில்லை. கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து, விட்டு, எவ்வளவு சீக்கிரம் திரும்பிச் சேர்கிறது என்று பார்த்தது. அவரும் அப்படித்தான் பார்ப்பார். ஆயிரக்கணக்கான கழுத்துகள். பிறகு இடுப்பில் ஒரு தட்டு. வாங்குகிறவன் தட்டுகிற தட்டு.

மாட்டிடம் யாரும் விலை கேட்பதில்லை.

மடியில், துவர்த்துக்கு அடியில், அவருடைய இடது கை ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கியது.

நேசபாய் கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். மழை விட்டிருந்தது. அவர் கண் திறந்திருந்தது. கால் இல்லை; அதாவது இருந்தது, எங்கோ இன்னொருவர் வீட்டுத் தரையில் கிடப்பதுபோல இருந்தது. நாக்கு ஒரு துண்டு இறைச்சி. ஆனால் அவளைத் தெரிந்தது. துளி மங்காமல் தெரிந்தது. ஈரத் தலை, குளத்துப் படி, முதல் பிள்ளை தங்காமல் போன அன்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு, பூண்டு உரிக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற விதம். எல்லாம் இருந்தது. ஒன்றும் விற்கப்படவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

"என்ன, வாயெல்லாம் ஒழுகுது? உறக்கத்துல கனாக் கண்டியளா?" அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மடியில் கிடந்த துவர்த்தின் ஒரு முனையை எடுத்து அவர் வாயைத் துடைக்க வந்தாள்.

போ என்று சொல்ல நினைத்தார். துவர்த்தைத் தொடாதே. எழும்பி ஓடு. நாக்கு அசையவில்லை.

இடது கை துணிக்கடியில் நகர்ந்து அவள் கையைப் பிடித்தது.

நேசபாய்க்கு முகம் சிவந்தது. "கொள்ளாம் போங்க. பெமிலா அடுக்களையில நிக்கா. இந்த வயசிலயா கையப் பிடிக்கிய?" கையை இழுத்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். சிரிப்பு ஓரங்களிலிருந்து இறங்கியது. உதடு அப்படியே நின்றது. துவர்த்து மெல்ல ஏறி இறங்கியது, எதுவோ குடிப்பதுபோல. துணி விலகிய இடத்தில் செல்வதாஸ் பார்த்தார். இத்தனை காலமும் பார்க்காததைப் பார்த்தார். அவருடைய நகக்கண்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, கிளை பிரிந்து, அவள் உள்ளங்கைத் தோலுக்கு அடியில் போயிருந்தன. மணிக்கட்டில் துடித்தன. முழங்கையில் துடித்தன. ஏறிக்கொண்டிருந்தன.

பிறகு கை அவளை விட்டது.

அவள் கையில் காப்பி ஆடை கட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். நாற்காலியில் வாய் ஒழுகக் கிடந்த கிழவரைப் பார்த்தாள். அருவருப்போடு முக்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"நீங்க ஆரு?" என்றாள், மரியாதையாக. "இது ஆருக்க வீடு?"

ஆக, கணக்கு. கொடுத்தது: அப்பாவின் முகம், மச்சினனின் பேர், கீர்த்தனைகள், மீன்குழம்பு. வாங்கியது: ஒரு கால், உறக்கம், விரல்கள், அடங்கின மூத்திரம். வாங்கினது முழுக்கத் திரும்பிப் போயிற்று, மேல்வாசியாக நாக்கும். விற்காதது: நேசபாய், ஒரு மயிரிழை குறையாமல், அவருக்குள்ளே பத்திரம். இடது கைக்கு விற்கிறவன் பக்கத்துத் தரகு: நேசபாயே, வசூலாகிவிட்டது. வாங்குகிறவன் பக்கத்துத் தரகு இன்னும் வரவில்லை.

"எம்மா, அப்பா காப்பி குடிச்சாச்சா?" அடுக்களையிலிருந்து பெமிலா கேட்டாள். அவளுடைய செருப்பொலி கிளம்பி, நடையைத் தாண்டி, வந்துகொண்டிருந்தது.

இடது கை துவர்த்தை உதறி மடியில் ஒழுங்காக விரித்தது. அதற்கு அடியில் போய், உள்ளங்கையை மேலே காட்டி, திறந்துகொண்டது.

பாக்கி ஒன்று.